ஆமை ஓட்டில் சிறு காயம்: வீட்டில் செய்யக்கூடியதும் செய்யக் கூடாததும்

எங்கள் வீட்டில் எட்டு ஆண்டுகளாக வளரும் சல்காட்டா என்னும் ஆப்பிரிக்கத் தரை ஆமை, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில், கொல்லைப்புறத்துத் துவைக்கும் கல்லுக்கும் மதிலுக்கும் இடையிலிருந்த சந்துக்குள் புகுந்து, திரும்ப இடமில்லாமல் முண்டி முண்டி வெளியே வந்தது. வந்தபோது அதன் மேலோட்டின் வலப்பக்க விளிம்பில் ஒரு செதில் பெயர்ந்து, சுண்டுவிரல் நகத்தின் அளவுக்குப் புண்ணாகி, இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பார்த்தவர்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். மஞ்சளைக் குழைத்து அப்பச் சொன்னார் ஒருவர். ஒட்டும் பசையை இரண்டு சொட்டு விட்டு மூடிவிடச் சொன்னார் இன்னொருவர். ஓடுதானே, அதற்கு வலிக்கவா போகிறது, தானாக ஆறிவிடும் என்றவர்களும் உண்டு. இந்த மூன்றுமே தவறு என்பதையும், உண்மையில் செய்ய வேண்டியது எவ்வளவு எளியது என்பதையும், அந்தப் புண் முழுவதும் ஆற எடுத்துக்கொண்ட பதினான்கு மாதங்களில் கால்நடை மருத்துவரிடம் கேட்டும் நாள்தோறும் கவனித்தும் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே முறையாக எழுதுகிறேன்.

ஓடு என்பது என்ன?

ஓட்டை ஆமையின் வீடு என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அது வீடு அன்று, உடம்பு. முதுகெலும்பும் விலா எலும்புகளும் அகன்று விரிந்து ஒன்றோடொன்று இணைந்தே மேலோடாகியிருக்கின்றன. கீழ் ஓட்டையும் சேர்த்தால் ஏறத்தாழ 60 எலும்புகள் அதில் உண்டு. அந்த எலும்பின் மீது இரத்த ஓட்டமும் நரம்பும் உள்ள மெல்லிய தோல் படர்ந்திருக்கிறது. அதற்கும் மேலே, நாம் கண்ணால் காணும் செதில்கள் இருக்கின்றன. இவை நம் நகமும் மாட்டின் கொம்பும் எதனால் ஆனவையோ அதே கெராட்டின் என்னும் பொருளால் ஆனவை. நடுமுதுகில் ஐந்து, அதன் இருபுறமும் நான்கு நான்காக எட்டு, சுற்றிலும் விளிம்பு நெடுக இருபதுக்கும் மேற்பட்டவை என்று இச்செதில்கள் அடுக்கப்பட்டிருக்கும். ஓட்டை விரலால் மெல்ல வருடினாலும் ஆமைக்குத் தெரியும். அடிபட்டால் வலிக்கும். அது குரலெழுப்பாததால்தான் வலி இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டால் காயத்தின் தன்மை தெளிவாகிவிடும். செதிலின் மேற்பரப்பில் மட்டும் கீறல் விழுந்திருந்தால் அது நகத்தில் விழுந்த கீறலைப் போன்றது. இரத்தம் வராது, மருந்தும் வேண்டாம். செதில் பெயர்ந்து அடியிலுள்ள தோல் தெரிந்தால் அது நகம் பெயர்ந்த விரலைப் போன்றது. இரத்தம் கசியும், வலி உண்டு, அழுக்குப் பட்டால் சீழ் பிடிக்கும். எலும்பே விரிசல் கண்டிருந்தால் அது எலும்பு முறிவு. அப்போது இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு மருத்துவரிடம் கிளம்ப வேண்டும். மேலோட்டின் உட்புறத்தை ஒட்டியே நுரையீரல் இருப்பதால், முதுகில் விழும் ஆழமான விரிசல் நேராக நுரையீரலையே தொட்டுவிடக்கூடும்.

சிறு காயமா என்று முதலில் உறுதிசெய்யுங்கள்

வீட்டு மருத்துவத்தில் இதுவே மிகக் கடினமான பகுதி. கழுவுவதும் துடைப்பதும் இதற்குப் பிறகுதான். ஆமையை நல்ல வெளிச்சத்தில், துண்டு விரித்த மேசையின் மீதோ தரையிலோ வைத்து, இரு கைகளாலும் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, அவசரப்படாமல் பாருங்கள். மல்லாக்கக் கவிழ்க்க வேண்டாம். கீழ் ஓட்டைப் பார்க்க வேண்டியிருந்தால், ஒருவர் தலைப்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி தூக்கிப் பிடிக்க, மற்றவர் குனிந்து பார்த்தால் போதும். பயந்துபோன ஆமை சிறுநீரைக் கழித்துவிடும் என்பதால், எவ்வளவு குறைவாகப் புரட்டுகிறோமோ அவ்வளவுக்கு நல்லது. அது தன் உடலில் சேமித்து வைத்திருக்கும் நீரையே அப்படி இழக்கிறது.

காயம் விளிம்புச் செதிலிலோ செதிலின் ஓரத்திலோ இருந்து, நகமளவைத் தாண்டாமல், சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் ஐந்து நிமிடத்துக்குள் இரத்தம் நின்று, சுற்றியுள்ள பகுதி கெட்டியாக அசையாமல் இருந்து, ஆமையும் வழக்கம்போல் நடந்து தின்றால், அதைச் சிறு காயம் என்று கொள்ளலாம். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் கொள்ளக் கூடாது.

மருத்துவரிடம் அன்றே கொண்டுபோக வேண்டிய நிலைகளைச் சொல்லிவிடுகிறேன். விரிசலின் இரு பக்கங்களும் விரலால் தொட்டால் அசைந்தாலோ, காயத்திலிருந்து மூச்சுக்கேற்ப நுரையோ குமிழியோ வந்தாலோ, பத்து நிமிடம் அழுத்தியும் இரத்தம் நிற்காவிட்டாலோ, நடுமுதுகின் நீள்வரிசையில் அடி விழுந்திருந்தாலோ, பின்கால்களை இழுத்துக்கொண்டு நடந்தாலோ, மாடியிலிருந்தோ கையிலிருந்தோ கீழே விழுந்திருந்தாலோ காத்திருக்காதீர்கள். கைக்குள் அடங்கும் குட்டி ஆமையின் ஓடு இன்னும் முழுதாக இறுகாதது. அதற்கு எந்தக் காயமும் சிறு காயமாகாது. நாய் கடித்த காயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெளியே இரண்டு பல் தடங்கள் மட்டும் தெரியும். உள்ளே கிருமிகள் ஆழமாகப் போயிருக்கும். கடித்தது நம் வீட்டு நாயாக இருந்தாலும், விளையாட்டாகவே கடித்திருந்தாலும், இரண்டு மூன்று நாள் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டுத் திடீரென்று ஆமை தீனியை நிறுத்தும்போது காலம் கடந்திருக்கும். ஆகவே நாய்க்கடி எவ்வளவு சிறிதாகத் தோன்றினாலும் மருத்துவர் பார்க்கட்டும்.

இன்னொன்று, காயமே இல்லாததைக் காயம் என்று நினைத்துப் பதறுவதும் நடக்கிறது. செதில்களுக்கு இடையில் வெளிறிய, சற்று மென்மையான கோடுகள் தெரிந்தால் அது பெரும்பாலும் புதிய வளர்ச்சி. நன்றாகத் தின்னும் இளம் ஆமைகளில் அது எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தெரியும். அதைத் தேய்த்துச் சுத்தம் செய்யப் போய்ப் புண்ணாக்கிவிடாதீர்கள்.

வேண்டிய பொருள்கள்

மருந்துக் கடையில் நார்மல் சலைன் என்னும் உப்புக் கரைசல் ஒரு பாட்டில், பொவிடோன் அயோடின் கரைசல் ஒரு சிறு பாட்டில், கிருமி நீக்கிய காஸ் துணிப் பொட்டலங்கள், ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சு, ஒருமுறை பயன்படுத்தும் கையுறைகள் ஆகியவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். பஞ்சு வேண்டாம், அதன் இழைகள் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் புதிய மென்மையான பல் துலக்கும் பிரஷ் ஒன்று, வெள்ளைத் துண்டுகள், ஒரு கொசுவலைத் துண்டு, சமையலறைத் தராசு, அறை வெப்பமானி ஆகியவை இருந்தால் போதும். சமையலறைத் தராசை இதற்குப் பயன்படுத்தினால் மீண்டும் சமையலுக்கு எடுக்காதீர்கள். ஆமைகள் நோய்க்குறி எதுவும் இல்லாமலே, மனிதருக்கு வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமியைச் சுமந்திருக்கக்கூடும். இந்தக் காரணத்துக்காகவே அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதை 1975ஆம் ஆண்டிலேயே தடை செய்தார்கள். காயத்தைக் கழுவும் இடம் சமையலறைத் தொட்டியாக இருக்கக் கூடாது. வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோ நோயுற்ற முதியவரோ இருந்தால் அவர்கள் அந்த நாள்களில் ஆமையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டவர் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

அயோடின் பாட்டிலின் மேலட்டையைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். பீட்டாடின் என்ற பெயரில் பரவலாகக் கிடைக்கும் இம்மருந்து 5 சதவீதத்திலும் 10 சதவீதத்திலும் வருகிறது. கரைசலாகவும் களிம்பாகவும், அறுவைக்கு முன் கை கழுவப் பயன்படும் நுரைக்கும் திரவமாகவும் வருகிறது. நமக்கு வேண்டியது வெறும் கரைசல் மட்டுமே. நுரைக்கும் வகையில் சோப்புப் பொருள் கலந்திருப்பதால் அது திறந்த புண்ணை எரிக்கும்.

கழுவும் முறை

அழுத்திப் பிடித்து இரத்தம் நின்ற பிறகு, உடனே தேய்க்கத் தொடங்காமல், கால் மணி நேரம் ஆமையை அமைதியாக விட்டுவிடுங்கள். உறைந்த இரத்தம் நிலைத்து நிற்க அந்த நேரம் தேவை. பிறகு, முதலில் காயத்தைச் சுற்றியுள்ள செதில்களில் ஒட்டியிருக்கும் மண்ணை, வெதுவெதுப்பான நீரில் நனைத்த பிரஷால் காயத்திலிருந்து வெளிப்புறமாகத் தேய்த்து நீக்குங்கள். காயத்தின் மேல் பிரஷ் படக் கூடாது. சுற்றியுள்ள அழுக்கு நீர் காயத்துக்குள் ஓடவும் கூடாது. எனவே ஆமையை, காயம் பட்ட பக்கம் சற்று மேலே இருக்கும்படி, சுருட்டிய துண்டின் மீது சாய்த்து வைத்துக்கொள்வது வசதியாக இருக்கும்.

அதன்பின் உடல் சூட்டுக்கு வந்த சலைனைச் சிரிஞ்சில் எடுத்து, சாய்வாகப் பிடித்து, மெல்லிய தாரையாகக் காயத்தின் மீது ஓடவிடுங்கள். பாட்டிலை ஐந்து நிமிடம் வெந்நீரில் நிறுத்தி வைத்தால் சரியான சூடு வந்துவிடும். மணலும் தூசியும் கழுவப்பட்டுப் போகும் வரை மூன்று நான்கு சிரிஞ்சு விட வேண்டியிருக்கலாம். காயத்தின் அடியில் குழியோ துளையோ தெரிந்து, அதன் ஆழம் கண்ணுக்குத் தெரியாவிட்டால், அதற்குள் நீரைப் பீய்ச்சவே கூடாது. அது உடலின் உட்குழிக்குள் போய்விடும் அபாயம் உண்டு. அப்படிப்பட்ட காயம் சிறு காயமும் அன்று. சலைன் கிடைக்காத ஊரில், கொதிக்க வைத்து ஆறவைத்த குடிநீர் முதல் நாளுக்குப் போதும்.

இப்போது அயோடின். பாட்டிலில் உள்ளபடியே ஊற்றினால் அது கிருமியோடு புதிதாக முளைக்கும் திசுவையும் அழித்துவிடும். 10 சதவீதக் கரைசலானால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு சலைன், 5 சதவீதக் கரைசலானால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு சலைன் என்று கலந்தால் ஒரு சதவீதக் கரைசல் கிடைக்கும். பார்வைக்கு அது பாலில்லாத லேசான தேநீரின் நிறத்தில் இருக்கும். இக்கரைசலில் நனைத்த காஸ் துணியைக் காயத்தின் மீது ஐந்து நிமிடம் வைத்திருந்து, எடுத்துவிட்டு, மீண்டும் சலைனால் ஒருமுறை அலசி, உலர்ந்த காஸால் ஒற்றியெடுங்கள். தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். பிறகு குறைந்தது ஒரு மணி நேரம், மண்ணும் ஈரமும் படாத இடத்தில், காற்றில் உலரவிடுங்கள். கலந்த கரைசலை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளாமல் அன்றன்றைக்குப் புதிதாகக் கலந்துகொள்ளுங்கள்.

முதல் ஐந்தாறு நாள்கள் நாளுக்கு ஒருமுறை இவ்வாறு செய்தால் போதும். அதன்பின் புண் உலர்ந்து பொருக்குத் தட்டியிருந்தால், ஒருநாள் விட்டு ஒருநாளாக இன்னும் ஒரு வாரம் செய்து, நிறுத்திவிடலாம். அக்கறையினால் நாளுக்கு மூன்று முறை கழுவியவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் வாரத்தில் நானும் அப்படித்தான் செய்யத் துடித்தேன். ஆனால் ஒவ்வொரு முறை நனைக்கும்போதும் உலரத் தொடங்கிய மேற்பரப்பு ஊறிப்போகிறது. ஊறிய ஓட்டில்தான் பூஞ்சையும் கிருமியும் குடியேறும். ஆமை ஓட்டுப் புண்ணுக்கு முதல் மருந்து உலர்ச்சி. வெள்ளி சல்ஃபாடயசின் கலந்த களிம்பை மருத்துவர்கள் சில நேரங்களில் எழுதித் தருவார்கள். அவர்கள் சொன்னால், உலர்ந்த புண்ணின் மீது கண்ணாடித் தாள் போல மெல்லிய பூச்சாக இட வேண்டும். தடித்துப் பூசினால் அதுவே ஈரத்தைச் சிறைப்பிடித்துவிடும்.

எவற்றைத் தொடக் கூடாது

முதலாவதாக, மூடும் பொருள்கள். உடனடி ஒட்டுப் பசை, குழாய் அடைக்கும் எபாக்சி, நகப்பூச்சு, பிளாஸ்டர் ஒட்டு என எதையும் வீட்டில் இடாதீர்கள். உடைந்த ஓட்டை மருத்துவர்கள் ஒட்டுவதுண்டு என்பது உண்மைதான். எக்ஸ்ரே எடுத்து, உள்ளே கிருமியில்லை என்று உறுதி செய்துகொண்டு, கிருமி நீக்கிய நிலையில் அதைச் செய்கிறார்கள். நாம் பசையால் மூடும்போது அழுக்கையும் ஈரத்தையும் சேர்த்தே உள்ளே பூட்டுகிறோம். மேலே பளபளப்பாகத் தெரியும்; அடியில் எலும்பு அழுகும். அழுகல் வெளியே தெரியும்போது உள்ளங்கையளவு பரவியிருக்கும். தவிரவும், ஓடு வளர்ந்துகொண்டே இருப்பது. அதன் வளரும் ஓரங்களைப் பசையால் பிணைத்தால் ஓடு கோணலாகிவிடும்.

மஞ்சள் நம் கைக்கு முதலில் வரும் பொருள் என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நம் தோலில் பட்ட சிராய்ப்புக்கு நாம் தலைமுறைகளாக மஞ்சள் இடுகிறோம். அந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சமையலறை மஞ்சள்தூள் கிருமி நீக்கப்பட்டதன்று. அது புண்ணில் கட்டியாக ஒட்டிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. எல்லாவற்றையும் விட, புண்ணின் நிறத்தை மறைத்துவிடுகிறது. புண் சிவக்கிறதா, பச்சை பாய்கிறதா, கறுக்கிறதா என்று நாள்தோறும் பார்ப்பதே நம் கையிலுள்ள பெரிய பாதுகாப்பு. அதை மஞ்சளால் மூடிவிட்டால் நாம் கண்ணைக் கட்டிக்கொண்டு வைத்தியம் செய்பவர்களாகிவிடுவோம். தேங்காய் எண்ணெயும் வேப்பெண்ணெயும் தூசியை ஒட்டவைக்கும். டெட்டால், சாவ்லான், ஸ்பிரிட், நுரைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவை புதுத் திசுவை எரிக்கும்.

மாட்டுப் புண்ணில் புழு வைத்தால் கற்பூரமும் டர்பன்டைனும் இடும் பழக்கம் ஊர்ப்புறங்களில் உண்டு. அதை ஆமையிடம் செய்யவே கூடாது. அதைவிடக் கடுமையாக எச்சரிக்க வேண்டியது ஐவர்மெக்டின் என்னும் மருந்து. நாய்க்கும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் புழுவுக்கும் உண்ணிக்கும் சர்வ சாதாரணமாகக் கொடுக்கப்படும் இம்மருந்து ஆமைகளுக்கு நஞ்சு; கைகால்களையும் மூச்சையும் முடக்கிக் கொன்றுவிடும். ஊர்வன சிகிச்சையில் பழக்கமில்லாத ஒருவர் நல்லெண்ணத்தோடு இதைப் பரிந்துரைத்தாலும், ஆமைக்கு இது ஆகாது என்று பணிவோடு ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள். பாராசிட்டமால் போன்ற மனித மருந்துகளையும், வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளையும் பொடித்துக் கொடுக்க வேண்டாம்.

ஆறும் வரை இருப்பிடமும் உணவும்

காயம் உலரும் வரை, குறைந்தது இரண்டு வாரத்துக்கு, மண்ணும் மணலும் தேங்காய் நார்த்தூளும் இல்லாத தனி இடம் வேண்டும். பெரிய பிளாஸ்டிக் தொட்டியிலோ தடுப்பு வைத்த அறை மூலையிலோ செய்தித்தாளை விரித்து, அதன்மேல் வெள்ளைத் துண்டைப் போட்டு, நாள்தோறும் மாற்றுங்கள். வெள்ளைத் துணி என்றால் சிறிதளவு கசிவும் கறையாகத் தெரிந்துவிடும். சல்காட்டா தோண்டி வளை அமைத்து வாழும் இயல்புடையது; தோண்ட முடியாதபோது மூலையில் முட்டிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து ஒளிந்துகொள்ள இருட்டான இடம் செய்துகொடுத்தால் அடங்கிவிடும்.

இருப்பிடத்தின் மேல் கொசுவலையைக் கட்டுவது நம் நாட்டில் கட்டாயம் என்றே சொல்வேன். இரத்த வாடைக்கு ஈ வந்து முட்டையிட்டால், ஒரே நாளில் புழு பொரிந்துவிடும். காலையும் மாலையும் காயத்தை மட்டுமன்றி, வாலின் அடி, தொடை மடிப்பு ஆகிய இடங்களையும் பாருங்கள். அரிசி நொய் போல வெண்மையாக எதுவும் ஒட்டியிருந்தால் இடுக்கியால் எடுத்துவிட்டு, அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.

ஆமை குளிர் இரத்தப் பிராணி. அதன் உடல் கிருமியோடு போராடும் வேகமும் புண் ஆறும் வேகமும் சுற்றுப்புறத்தின் வெப்பத்தைப் பொறுத்தவை. சல்காட்டாவுக்குப் பகலில் 28 முதல் 32 டிகிரி செல்சியஸ், ஒரு மூலையில் மட்டும் 35 டிகிரியை ஒட்டிய இளஞ்சூடு, இரவில் 24 டிகிரிக்குக் குறையாத வெப்பம் என்று அமைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலோ மதுரையிலோ ஆண்டின் பெரும்பகுதி இதற்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை; குளிரூட்டி ஓடும் அறையில் வைக்காமல் இருந்தால் போதும். மார்கழி இரவுகளிலும், நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலையூர்களிலும் வெப்ப விளக்கு வேண்டியிருக்கும். காலை இளவெயிலில் அரை மணி நேரம், நிழலுக்கு ஒதுங்க வழி விட்டு வைப்பது மிக நல்லது. ஓடு உறுதிபெறத் தேவையான வைட்டமின் டி3 அந்த வெயிலின் புற ஊதாக் கதிரால்தான் அதன் உடலில் உண்டாகிறது. சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அந்தக் கதிர் இருக்காது.

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வெதுவெதுப்பான நீரில் ஊறவைக்கும் வழக்கத்தை, காயம் மேலோட்டில் இருந்தால் தொடரலாம். நீர்மட்டம் கழுத்தடிக்கு மேல் போகாமலும், காயத்துக்கு எட்டாமலும், 15 நிமிடத்துக்கு மிகாமலும் பார்த்துக்கொண்டு, பிறகு நன்றாகத் துடைத்துவிடுங்கள். காயம் கீழ் ஓட்டில் இருந்தால் ஊறவைப்பதை நிறுத்திவிட்டு, தீனியின் மீது நீர் தெளித்துக் கொடுங்கள். மீன்தொட்டியில் வளரும் சிவப்புக் காது ஆமைக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. அது நீரில்தான் தின்னும். எனவே நாளின் பெரும்பகுதி உலர்ந்த சூடான தொட்டியில் வைத்து, காலையும் மாலையும் ஒரு மணி நேரம் சுத்தமான நீரில் விட்டுத் தீனி கொடுத்துவிட்டு மீண்டும் உலர்த்த வேண்டும்.

உணவில் பெரிய மாற்றம் வேண்டாம். அருகம்புல், செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளித் தண்டு ஆகியவை போதும். ஓட்டெலும்பு மீண்டும் கட்டப்படச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பதால், நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்ற பெயரில் கிடைக்கும் கணவாய் ஓட்டைச் சுரண்டித் தீனியின் மீது தூவலாம். உப்புப் போக ஒருநாள் நீரில் ஊறவைத்து உலர்த்திக்கொள்ளுங்கள். தெம்பு வரட்டும் என்று பழமும் சோறும் கொடுக்காதீர்கள். அவை வயிற்றைக் கெடுக்கும்.

ஆறும் காலமும் அதன் அறிகுறிகளும்

ஒவ்வொரு நாளும் ஒரே வெளிச்சத்தில், காயத்துக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படமெடுத்து வையுங்கள். நம் கண் நேற்றைய அளவை நினைவில் வைத்திருக்காது. நாணயம் அளவைச் சொல்லிவிடும். வாரம் ஒருமுறை எடையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரத்தில் புண் உலர்ந்து பழுப்பாகும். ஒரு மாதத்துக்குள் அது சாம்பல் நிறத்தில், செத்த மரப்பட்டை போல, பார்ப்பதற்கு அழகில்லாமல் இருக்கும். அதுவே நல்ல அறிகுறி. அந்தக் கெட்டிப் பொருக்கின் அடியில், ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, புதிய செதில் மெல்ல மெல்லப் படர்கிறது. வேலை முடிந்ததும் மேலே இருக்கும் செத்த பகுதி தானாக உதிரும். எங்கள் ஆமைக்கு அது உதிர ஒன்பது மாதமும், அடியிலிருந்த வெளிறிய பகுதி சுற்றியுள்ள நிறத்துக்கு வர இன்னும் ஐந்து மாதமும் ஆயின. இடையில் அதைப் பெயர்த்தெடுக்கக் கை அரிக்கும். பெயர்த்தால் முதல் நாளிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.

கெட்ட அறிகுறிகளுள் முதன்மையானது நாற்றம். உலர்ந்த ஆமை ஓட்டுக்கு மண் வாடையைத் தவிர வேறு வாடை இருக்காது. அழுகிய வாடை வந்தால் ஐயமே வேண்டாம். பாலூட்டிகளுக்கு வருவது போல ஆமைக்குச் சீழ் நீராக வடிவதில்லை. அது பன்னீர்க் கட்டி போல இறுகி, வெளிர் மஞ்சளாகச் செதிலுக்கு அடியில் தங்கிவிடும். ஆகவே வடியவில்லை என்பதால் சீழ் இல்லை என்று ஆகாது. நகத்தால் மெல்ல அழுத்தும்போது ஓடு அமுங்கினாலும், பக்கத்துச் செதில் ஓரம் தூக்கிக்கொண்டாலும், காயத்துக்குத் தொலைவிலுள்ள செதில்களின் அடியில், குறிப்பாகக் கீழ் ஓட்டில், இளஞ்சிவப்பு படர்ந்தாலும், மூன்று நாள் தொடர்ந்து தின்னாமல் இருந்தாலும், கிருமி பரவத் தொடங்கியிருக்கிறது என்று கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். செதில்களுக்கு அடியில் சிவப்புப் படர்வது இரத்தத்திலேயே கிருமி கலந்ததன் அடையாளமாக இருக்கலாம் என்பதால், அதில் ஒருநாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

மருத்துவரிடம் போகும்போது

நாய், பூனை மட்டும் பார்க்கும் மருத்துவமனைகளே அதிகம் என்பதால், கிளம்பும் முன் தொலைபேசியில் அழைத்து ஊர்வன பார்ப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1903ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு இப்போது சென்னை வேப்பேரியில் இயங்கிவரும் மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளும் சிகிச்சைப் பிரிவுகளோடு இருப்பவை. அருகில் தனியார் மருத்துவர் கிடைக்காதவர்கள் அங்கே விசாரிக்கலாம். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் துண்டை விரித்து, ஆமை உருளாதபடி இருபுறமும் துணியைச் செருகிக் கொண்டுபோங்கள். ஆட்டோவில் எஞ்சின் சூடு ஏறும் பின்பக்கத்தில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்து வைத்த படங்களையும் எடைக் குறிப்பையும், இதுவரை இட்ட மருந்துகளின் பெயர்களையும் காட்டினால் மருத்துவருக்குப் பாதி வேலை குறையும். ஊசியை முன்காலில் போடுவதைப் பார்த்து வியக்க வேண்டாம். பின்பக்கத்து இரத்தம் சிறுநீரகத்தின் வழியாகச் செல்லும் அமைப்பு ஊர்வனவற்றுக்கு இருப்பதால், முன்பாதியில் போடுவதே வழக்கம்.

இந்திய நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பவர்கள் மருத்துவரிடம் போகவே தயங்கிக் காயத்தை முற்றவிடுகிறார்கள் என்பதால் சட்டத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ள அந்த ஆமையை வளர்ப்பது குற்றம். 2019 முதல் அது, அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் இணைப்பிலும் இருக்கிறது. காயம்பட்ட நட்சத்திர ஆமையோ குளத்து ஆமையோ வழியில் கிடைத்தால், மேலே சொன்னபடி இரத்தத்தை மட்டும் நிறுத்தி, உலர்ந்த பெட்டியில் வைத்து, வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்க வேண்டாம். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சல்காட்டா சைட்டிஸ் இரண்டாம் இணைப்பில் உள்ளது. அதை வளர்ப்பவர்கள் 2024ஆம் ஆண்டின் விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டிருந்தால், எந்த மருத்துவமனைக்கும் தயக்கமில்லாமல் போகலாம்.

மீண்டும் தோட்டத்தில் விடும் முன்

பொருக்கு முழுதும் கெட்டிப்பட்டு, இரண்டு வாரமாகக் கசிவே இல்லை என்றால் ஆமையை மண்ணில் விடலாம். முதலில் பகலில் இரண்டு மணி நேரம், பிறகு படிப்படியாக. மழை பெய்து சேறான நாளில் வேண்டாம். விடுவதற்கு முன், காயம் எப்படி உண்டானது என்பதை அதன் உயரத்துக்குக் குனிந்து பார்த்துக் கண்டுபிடியுங்கள். சிமென்ட் படியின் கூரிய முனை, அறுந்த கம்பி வலை, இரும்புக் கதவின் அடிவிளிம்பு, உடைந்த மண்தொட்டி ஆகியவைதாம் பெரும்பாலும் காரணம். ஒன்றுக்கு மேற்பட்ட ஆண் ஆமைகள் இருந்தால், தொண்டையின் கீழ் நீண்டிருக்கும் செதிலால் ஒன்றையொன்று முட்டிப் புரட்டும். அவற்றைப் பிரித்துத்தான் வளர்க்க வேண்டும். எங்கள் வீட்டில் துவைக்கும் கல்லுக்கும் மதிலுக்கும் நடுவிலிருந்த சந்தைச் செங்கல் வைத்து அடைத்து, கல்லின் விளிம்பை அரத்தால் உருட்டிவிட்டோம்.